எதிர்காலத்தில் பாத்திரம் கழுவுவது யார்?

அறிவியல் புனைகதை படிக்கும்போது எனக்கு ஒரு பழக்கம் உண்டு. விண்கலம் என்ன வேகத்தில் போகிறது, எந்தக் கிரகத்தில் யாரோடு சண்டை என்பதெல்லாம் ஒரு பக்கம் ஓடிக்கொண்டிருக்கும். நான் அடுப்படியைத் தேடிக்கொண்டிருப்பேன். இந்த ஊரில் சோறு எங்கே வேகிறது? யார் வைக்கிறார்கள்? சாப்பிட்டு முடித்தபின் தட்டை யார் எடுக்கிறார்கள்?

சிரிக்காதீர்கள். ஒரு எழுத்தாளர் எதிர்காலத்தை எவ்வளவு தூரம் உண்மையாகவே யோசித்திருக்கிறார் என்று கண்டுபிடிக்க இதைவிடச் சுலபமான வழி எனக்குத் தெரியவில்லை. ஒளியின் வேகத்தைத் தாண்டுவதைக் கற்பனை செய்ய ஒரு வரி போதும், எழுதிவிடலாம். அடுப்பின் முன்னால் நிற்கிற ஆள் மாறுவதைக் கற்பனை செய்ய நிறையப் பேருக்குக் கை வரவே இல்லை.

1962-ல் அமெரிக்கத் தொலைக்காட்சியில் வந்த 'தி ஜெட்சன்ஸ்' கார்ட்டூனை எடுத்துக்கொள்வோம். நூறு வருஷம் தள்ளி, 2062-ல் நடக்கும் கதை. வானத்தில் தூண் மேல் வீடு, பறக்கும் கார், எல்லாவற்றுக்கும் பட்டன். ஆனால் அப்பா ஜார்ஜ் ஆபீஸ் போகிறார், அம்மா ஜேன் வீட்டில் இருக்கிறார். வீட்டு வேலைக்கு ரோஸி என்று ஒரு ரோபோ. அந்த ரோபோவுக்கு இடுப்பில் ஏப்ரன், தலையில் சுருக்கு வைத்த குட்டித் தொப்பி. அன்றைய அமெரிக்கப் பணக்கார வீட்டு வேலைக்காரம்மாவைத் தகரத்தில் வார்த்து வைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான். ஜோயன்னா ரஸ் என்ற எழுத்தாளர் 1970-களின் தொடக்கத்திலேயே இந்த மாதிரிக் கற்பனையைப் போட்டுக் கிழித்தார். பால்வீதி முழுக்கப் பறந்து திரிகிறவர்கள் வீட்டுக்குத் திரும்பினால், அங்கே இருப்பது அமெரிக்கப் புறநகர்க் குடும்பம்தான் என்பது அவர் புகார்.

ராபர்ட் ஹைன்லைன் 1957-ல் எழுதிய 'தி டோர் இன்டு சம்மர்' நாவல் இந்த விஷயத்தில் கொஞ்சம் தேவலை. அதன் நாயகன் டான் டேவிஸ் ஒரு பொறியாளர். வீட்டு வேலை என்பது திரும்பத் திரும்ப வருகிற சலிப்பான உழைப்பு, அதை ஏன் ஒரு இயந்திரத்திடம் கொடுக்கக்கூடாது என்று யோசித்து, தானாகத் தரையைச் சுத்தம் செய்யும் ஒரு கருவியைச் செய்கிறார். அதற்கு அவர் வைக்கும் பெயர் 'ஹையர்ட் கேர்ள்', அதாவது வேலைக்காரப் பெண். கதையில் 1970-க்குள்ளேயே அது சந்தைக்கு வந்துவிடுகிறது. நிஜத்தில் ரூம்பா வந்தது 2002-ல். முப்பது வருஷம் முன்பின் இருந்தாலும் வட்டமடித்துப் பெருக்கும் இயந்திரத்தை ஹைன்லைன் சரியாகப் பிடித்துவிட்டார். அதை வாங்கிய வீட்டில் என்ன நடக்கும் என்பதைத்தான் விட்டுவிட்டார்.

அதை என் அக்கா சொன்னாள். அவள் வீட்டில் ஒன்று சுற்றிக்கொண்டிருக்கிறது. "இது கிளம்புறதுக்கு முன்னாடி தரையில கிடக்கிற சாக்ஸ், சார்ஜர் வயர், பயலோட கார் பொம்மை எல்லாத்தையும் நான் குனிஞ்சு பொறுக்கணும்டா. இது பெருக்குறதுக்காக நான் ஒரு தடவ வீட்டை ஒழுங்கு பண்ணணும். அப்புறம் அதோட வயித்தைத் திறந்து குப்பையைக் கொட்டணும், பிரஷ்ல சிக்குன முடியை எடுக்கணும்." மாமா இதெல்லாம் கேட்டபடி செல்போனில் அதன் வரைபடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். எந்த அறை முடிந்தது, எந்த அறை பாக்கி என்று அவருக்குத் துல்லியமாகத் தெரியும்.

ரூத் ஷ்வார்ட்ஸ் கோவன் என்ற வரலாற்றாசிரியர் 1983-ல் 'மோர் வொர்க் ஃபார் மதர்' என்றே ஒரு புத்தகம் எழுதினார். வீட்டுக்குள் இயந்திரங்கள் வந்தபின் உடம்பு நோகிற உழைப்பு குறைந்தது உண்மை. ஆனால் அம்மாவின் நேரம் மிச்சமாகவில்லை. விறகு பிளந்த ஆணின் வேலையும் துணி வெளுக்க வந்த பெண்ணின் வேலையும் போயின. கூடவே சுத்தத்தின் அளவுகோல் ஏறியது. வாரத்துக்கு ஒரு சட்டை என்றிருந்தது தினம் ஒரு சட்டை ஆனது. கதை எழுதியவர்கள் இயந்திரத்தை மட்டும் பார்த்தார்கள். கோவன் இயந்திரத்தின் பக்கத்தில் நின்றவளைப் பார்த்தார்.

சரி, ஐசக் அசிமோவ்? 1964-ல் நியூயார்க் உலகக் கண்காட்சியைப் பார்த்துவிட்டு, ஐம்பது வருஷம் கழித்து 2014 எப்படி இருக்கும் என்று நியூயார்க் டைம்ஸில் ஒரு கட்டுரை எழுதினார். சமையலறைக் கருவி தானே தண்ணீரைச் சுடவைத்துக் காபி போடும், உணவும் தயார் செய்யும் என்றார். ரோபோக்கள் பெருகியும் இருக்காது, பிரமாதமாகவும் இருக்காது என்றும் சொன்னார். 2014-க்கு இது கச்சிதம். ஆனால் அவர் நாவல்களில் இருக்கும் சமையலறைதான் எனக்கு இன்னும் பிடிக்கும். 'தி கேவ்ஸ் ஆஃப் ஸ்டீல்' (1954) காட்டும் நியூயார்க்கில் மனிதர்கள் எஃகுக் கூரைக்குள் நெருக்கியடித்து வாழ்கிறார்கள். வீட்டுச் சமையல் கிடையாது. பொதுச் சாப்பாட்டுக் கூடத்தில் வரிசையில் நின்று, ஈஸ்ட்டில் செய்த உணவை வாங்க வேண்டும். எதை, எங்கே உட்கார்ந்து சாப்பிடலாம் என்பதை உங்கள் உத்தியோகத் தரம் தீர்மானிக்கும். எதிர்காலத்தில் பந்தி இருக்கும், பந்தியில் இடம் பார்த்து உட்காரவைப்பதும் இருக்கும் என்று அந்த மனிதருக்குத் தெரிந்திருக்கிறது.

இந்த வகையில் என்னைத் தூங்கவிடாமல் செய்த கதை ரே பிராட்பரியுடையது. 1950-ல் வந்த 'தேர் வில் கம் சாஃப்ட் ரெயின்ஸ்'. கலிஃபோர்னியாவில் ஒரு தானியங்கி வீடு. காலையில் கடிகாரம் எழுப்புகிறது. அடுப்பு எட்டு ரொட்டித் துண்டு, எட்டு முட்டை, பதினாறு துண்டு பன்றிக்கறி, இரண்டு காபி, இரண்டு தம்ளர் பால் எடுத்து வைக்கிறது. யாரும் வரவில்லை. கொஞ்ச நேரம் கழித்து ஒரு அலுமினியத் தகடு ஆறிப்போன முட்டையைச் சுரண்டித் தொட்டியில் தள்ளுகிறது, தட்டுகள் கழுவித் துடைத்து அடுக்கப்படுகின்றன. சுவரிலிருந்து குட்டி எலி இயந்திரங்கள் ஓடிவந்து தூசியை எடுக்கின்றன. ஊரே அணுகுண்டில் அழிந்துபோயிருக்கிறது. அந்த வீட்டின் வெளிச்சுவரில் வெந்துபோனவர்களின் நிழல்கள் மட்டும் பதிந்திருக்கின்றன: புல்வெட்டும் ஆண், குனிந்து பூப்பறிக்கும் பெண், பந்து எறியும் பையன், அதைப் பிடிக்க நிற்கும் பெண் குழந்தை.

பாத்திரம் கழுவுகிற பிரச்சினை அங்கே முழுசாகத் தீர்ந்துவிட்டது. சாப்பிடத்தான் ஆளில்லை. இரவில் மரக்கிளை ஒன்று சமையலறை ஜன்னலை உடைத்துக்கொண்டு விழுகிறது, அடுப்பில் திரவம் கொட்டி வீடு பற்றிக்கொள்கிறது. வீடு தன்னைக் காப்பாற்றிக்கொள்ளப் போராடுகிறது. எரிகிற நேரத்திலும் அடுப்பு பைத்தியம் பிடித்ததுபோல் டஜன் டஜனாக முட்டை பொரித்துத் தள்ளிக்கொண்டிருக்கிறது. ஆரம்பகாலப் புத்தகப் பதிப்புகளில் இந்தக் கதை நடக்கும் நாள் 2026 ஆகஸ்ட் 4. நாள் நெருங்கியதாலோ என்னவோ, 1997 பதிப்பில் அதை 2057-க்குத் தள்ளிப்போட்டார்கள்.

பிராட்பரியின் வீடு எஜமான் இறந்தபின்னும் விசுவாசமாக இருக்கிறது. ஃபிலிப் கே. டிக் இவ்வளவு இளகிய மனசுக்காரர் இல்லை. அவருடைய 'யூபிக்' (1969) நாவலில் ஜோ சிப் தன் வீட்டுக் கதவைத் திறக்கக் காசு போட வேண்டும். ஐந்து சென்ட் கேட்கிறது கதவு. கையில் காசில்லை. நான் கொடுப்பது இனாம், கட்டாயமில்லை என்று வாதாடுகிறார். ஒப்பந்தத்தை எடுத்துப் பார் என்கிறது கதவு. பார்த்தால் கதவு சொல்வதுதான் சரி. கடைசியில் கத்தியை எடுத்துத் திருகாணியைக் கழற்ற ஆரம்பித்தால், வழக்குப் போடுவேன் என்று மிரட்டுகிறது. சில வருஷங்களுக்கு முன் ஒரு கார் நிறுவனம், காரில் ஏற்கெனவே பொருத்தியிருக்கிற இருக்கை வெப்பமூட்டியைப் பயன்படுத்த மாதச் சந்தா கேட்டது நினைவிருக்கிறதா? அந்தச் செய்தியைப் படித்ததும் ஜோ சிப்பின் கதவுதான் எனக்கு நினைவுக்கு வந்தது. டிக் விண்கலத்தைப் பற்றி எழுதியது எதுவும் பலிக்கவில்லை. கதவு பலித்துவிட்டது.

இன்னொரு வகை எதிர்காலம் உண்டு. அங்கே அடுப்படியே கண்ணில் படாது. சாப்பாடு வரும், எங்கிருந்து என்று தெரியாது. எச்.ஜி. வெல்ஸின் 'தி டைம் மெஷின்' (1895) அப்படித்தான். கி.பி. 8,02,701-ல் ஈலாய் என்ற அழகான, மென்மையான மக்கள் பழம் தின்று, பூச்சூடி, ஆடிப்பாடித் திரிகிறார்கள். அவர்களுடைய உடையும் செருப்பும் எங்கிருந்து வருகின்றன? பூமிக்கு அடியில் மார்லாக் என்ற இன்னொரு கூட்டம் இயந்திரங்களோடு கிடக்கிறது. அது இரவில் மேலே வந்து ஈலாய்களைப் பிடித்துத் தின்கிறது. இன்று பத்து நிமிஷத்தில் கொத்தமல்லிக் கட்டு கொண்டுவரும் செயலிகளின் கிடங்கை வணிக உலகில் 'டார்க் ஸ்டோர்' என்றுதான் சொல்கிறார்கள். வாடிக்கையாளர் உள்ளே போக முடியாத கடை. வெல்ஸ் இருந்திருந்தால் பெயரைக் கேட்டதும் நிமிர்ந்து உட்கார்ந்திருப்பார்.

வெல்ஸின் கனவுகளுக்கு எதிர்வினையாக ஈ.எம். ஃபார்ஸ்டர் 1909-ல் 'தி மெஷின் ஸ்டாப்ஸ்' எழுதினார். தரைக்கு அடியில் அறுகோண அறைகள், அறைக்கு ஒருவர். உணவுக்கு ஒரு பட்டன், குளிக்க ஒரு பட்டன், இசைக்கு ஒரு பட்டன். வாஷ்டி என்ற அம்மா அறையை விட்டு வெளியே வராமலே ஆயிரக்கணக்கானவர்களோடு பேசுகிறாள், ஆஸ்திரேலிய இசை பற்றி உரையாற்றுகிறாள். மகனை நேரில் பார்க்கத்தான் மனசில்லை. இயந்திரம் மெல்லப் பழுதாகிறது. முதலில் இசையில் கரகரப்பு, பிறகு பழத்தில் பூஞ்சை, குளிக்கும் தண்ணீரில் நாற்றம். ஒவ்வொன்றுக்கும் முதலில் புகார் செய்கிறார்கள், பிறகு பழகிக்கொள்கிறார்கள். சரிசெய்யத் தெரிந்தவர் யாரும் இல்லை. இணையம் வருவதற்கு எண்பது வருஷம் முன்னால் எழுதிய கதை இது. காணொலிப் பேச்சைச் சொன்னதற்காகத்தான் எல்லோரும் பாராட்டுகிறார்கள். அந்தப் பூஞ்சைப் பழத்துக்குப் பழகிக்கொள்கிற இடம் இருக்கிறதே, அதை எழுதத்தான் பெரிய கண் வேண்டும்.

இனி நான் சொல்லவந்த கதை.

1905-ல் நம் மெட்ராஸிலிருந்து 'தி இண்டியன் லேடீஸ் மேகஸின்' என்ற ஆங்கில இதழ் வந்துகொண்டிருந்தது. ஆசிரியர் கமலா சத்தியநாதன். அதில் ரொக்கேயா சகாவத் ஹொசைன் என்ற வங்காளப் பெண் எழுதிய 'சுல்தானாவின் கனவு' வெளியானது. ரொக்கேயாவுக்கு அப்போது இருபத்தைந்து வயசு. கடுமையான பர்தா வழக்கமுள்ள குடும்பத்தில், இன்றைய வங்கதேசத்தின் ரங்பூர் பக்கம் பிறந்தவர். அண்ணனிடம் வீட்டுக்குத் தெரியாமல் ஆங்கிலம் கற்றவர். சார்லட் பெர்கின்ஸ் கில்மன் எழுதிய 'ஹெர்லாண்ட்' நாவலுக்குப் பத்து வருஷம் மூத்த கதை இது.

கதையில் சுல்தானா ஒரு கனவில் பெண்நாட்டுக்குப் போகிறாள். அங்கே தெருவில் ஆண்களே இல்லை. எல்லோரும் வீட்டுக்குள், அந்தப்புரத்துக்குப் பதிலாக ஆண்களுக்கான தனிக்கட்டுக்குள். குழந்தை பார்ப்பதும் சமைப்பதும் அவர்கள் வேலை. பெண்கள் பல்கலைக்கழகம் நடத்துகிறார்கள். மேகத்துக்கு மேலே பலூன் கட்டிக் குழாய் வழியாகத் தண்ணீர் எடுக்கிறார்கள். ஆகாய வண்டியில் போகிறார்கள். எதிரி நாடு படையெடுத்து வந்தபோது ஆண்கள் தோற்றுவிட, பல்கலைக்கழகத் தலைவி இரண்டாயிரம் மாணவிகளோடு போய், சேமித்து வைத்த சூரிய வெப்பத்தை எதிரி மேல் திருப்பி விரட்டிவிட்டாளாம். ஆண்கள் கட்டுக்குள் போனது அந்தச் சந்தர்ப்பத்தில்தான்.

ஆனால் பாருங்கள், எங்கள் சமையலறையைப் பார்க்கிறாயா என்று சுல்தானாவிடம் கேட்கிறார்கள். இத்தனை எதிர்காலக் கதைகளில் விருந்தாளியை அடுப்படியைப் பார்க்க வா என்று அழைத்த ஊர் எனக்குத் தெரிந்து இது ஒன்றுதான். அங்கே வேலை செய்துகொண்டிருந்த ஆண்களைக் கொஞ்சம் ஒதுங்கச் சொல்லிவிட்டுக் காட்டுகிறார்கள். காய்கறித் தோட்டத்துக்கு நடுவே சமையலறை. புகை இல்லை, புகைபோக்கி இல்லை, கரி இல்லை. ஜன்னலில் பூச்செடி. எப்படிச் சமைக்கிறீர்கள் என்றால், சூரிய வெப்பம் வருகிற குழாயைக் காட்டி, அப்போதே எதையோ சமைத்தும் காட்டுகிறார்கள். விறகுப் புகையில் கண் எரிந்தவர்தான் இதை எழுத முடியும். சூரிய அடுப்பு இன்று அதிசயமில்லை. ஆனால் 1905-ல் தொழில்நுட்பத்தை முதலில் அடுப்படிக்கு அனுப்ப வேண்டும் என்று தோன்றியதுதான் அவருடைய மேதைமை. மற்றவர்கள் முதலில் செவ்வாய்க்கு அனுப்பினார்கள்.

இன்னொரு குறும்பு. அலுவலக வேலை அந்த நாட்டில் தினம் இரண்டு மணி நேரம்தான். எப்படி முடிகிறது? ஆண்கள் ஏழு மணி நேரம் வேலை என்று உட்கார்ந்து, அரை மணிக்கு ஒன்றாகப் பன்னிரண்டு சுருட்டுப் பிடிப்பார்கள், ஆறு மணி நேரம் அதிலேயே போகும் என்று கணக்குச் சொல்கிறார் ரொக்கேயா. இந்தக் கணக்கு தப்பு என்று சொல்ல ஆபீஸ் போகிற எனக்கு வாய் வரவில்லை. ஆண்களைப் பூட்டிவைப்பது தீர்வா என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்லலாம்: அந்தக் கேள்வி உங்களுக்கு உடனே தோன்ற வேண்டும் என்பதற்காகத்தான் அவர் எழுதினார். பிறகு 1911-ல் கல்கத்தாவில் பெண்களுக்குப் பள்ளிக்கூடம் திறந்து கடைசிவரை நடத்தினார்.

அதே காலத்து ஆண்களின் கனவை ஒப்பிட்டுப் பார்க்கலாம். எட்வர்ட் பெல்லமியின் 'லுக்கிங் பேக்வர்ட்' (1888) கதையில் 2000-ஆம் ஆண்டு பாஸ்டனில் சமையல் பொதுச் சமையற்கூடத்தில், துணி பொது சலவையகத்தில். நல்ல யோசனை, அங்கே பரிமாறுவதும் ஊர் இளைஞர்கள் எல்லோரும் முறை வைத்துச் செய்கிற வேலை. இதைப் படித்துக் கோபப்பட்டு வில்லியம் மாரிஸ் 1890-ல் ஒரு பதில் நாவல் எழுதினார். அரசும் பணமும் தொழிற்சாலையும் ஒழிந்துபோன, ஆறு தெளிந்து ஓடுகிற லண்டன். ஆனால் காலையில் விருந்தினர் விடுதியில் உணவு பரிமாறுவது பெண்கள். கேட்டால், கெட்டிக்காரப் பெண்ணுக்கு வீட்டை நடத்துவதே இன்பம் என்று ஒரு பெரியவர் விளக்கம் சொல்கிறார். பணத்தை ஒழிக்க முடிந்த மாரிஸுக்கு அதை ஒழிக்க மனம் வரவில்லை.

மாரிஸ் விட்ட இடத்தை உர்சுலா லெ குவின் 1974-ல் 'தி டிஸ்பொசெஸ்ட்' நாவலில் எடுத்துக்கொண்டார். அனாரெஸ் என்ற வறண்ட நிலவில் அரசில்லாச் சமூகம். எல்லோருக்கும் பொதுச் சாப்பாட்டுக் கூடம். பத்து நாளுக்கு ஒரு நாள் யாராக இருந்தாலும் அழுக்கு வேலைக்கு வர வேண்டும். நாயகன் ஷெவெக் பெரிய இயற்பியலாளர், அவருக்கும் விலக்கில்லை. லெ குவின் அதைச் சொர்க்கமாகக் காட்டவில்லை. பஞ்சம் வருகிறது, பொறாமை இருக்கிறது, சோறு சுவையில்லை. கற்பனை ஊரிலும் வேலைப் பட்டியல் போட்டவர் என்பதால் அவர்மேல் எனக்குத் தனி மரியாதை.

இருண்ட எதிர்காலங்களில் அடுப்படி வேறு மாதிரி வரும். 'சாய்லென்ட் க்ரீன்' (1973) படம் 2022-ல் நடக்கிறது. நியூயார்க்கில் நாலு கோடி பேர், ஒரு புட்டி ஸ்ட்ராபெரி ஜாம் 150 டாலர். போலீஸ்காரன் ஒருவன், கொலையான பணக்காரர் வீட்டிலிருந்து கொஞ்சம் மாட்டுக்கறியும் காய்கறியும் ஆப்பிளும் எடுத்து வருகிறான். வயசான சால் அந்தக் கறியைப் பார்த்து அழுகிறார். பிறகு சமைத்து, இரண்டு பேரும் பேச்சில்லாமல் சாப்பிடுகிறார்கள். கடைசித் திருப்பம் எல்லோருக்கும் தெரியும், எனக்கு அந்தச் சாப்பாட்டுக் காட்சி போதும். ஆக்டேவியா பட்லரின் 'பேரபிள் ஆஃப் தி சோவர்' (1993) தொடங்குவது 2024 ஜூலை 20-ல். லாஸ் ஏஞ்சலஸ் பக்கத்தில் மதில் கட்டி வாழும் தெருவில், கோதுமை கட்டுப்படியாகாமல் ஓக் கொட்டையை மாவாக்கி ரொட்டி சுடுகிறார்கள். பதினைந்து வயசு லாரன், எந்தக் காட்டுச்செடியைத் தின்னலாம் என்று புத்தகம் பார்த்துப் படித்து வைத்துக்கொள்கிறாள். ஊர் விழும்போது அந்தப் பாடம்தான் உதவுகிறது.

இன்னொரு பக்கம் 'ஸ்டார் ட்ரெக்'. பேசினால் போதும், சுவரிலிருந்து தேநீர் வரும். அப்படியிருந்தும் 'டீப் ஸ்பேஸ் நைன்' தொடரில் கேப்டன் சிஸ்கோவின் அப்பா நியூ ஆர்லியன்ஸில் ஓட்டல் வைத்துக் கையால் சமைக்கிறார், கூட்டம் வருகிறது. சோறு இலவசமாகிவிட்டாலும் கைமணம் இலவசமாகாது என்று எழுதியவருக்குத் தெரிந்திருக்கிறது. கட்டாயம் போய்விட்ட பிறகுதான் சமையல் ஒருவருக்கு உண்மையான ஆசையாக முடியும். அதுவும் அந்தக் கதையில் சமைப்பவர் ஓர் ஆண்.

நம்ம ஆளைச் சொல்லாமல் விட்டால் அடிக்க வருவீர்கள். சுஜாதாவின் 'என் இனிய இயந்திரா' 1980-களில் ஆனந்த விகடனில் தொடராக வந்தபோது, அதன் களம் 2020-களின் இந்தியா. ஜீவா என்ற சர்வாதிகாரி, மனிதருக்கு எண், இரண்டெழுத்துப் பெயர், குழந்தை பெற அரசு அனுமதி. நிலா என்ற சாதாரண இல்லத்தரசி அந்த அனுமதி கிடைத்த சந்தோஷத்தில் இருக்கும்போது கதை கிளம்புகிறது. எல்லோருக்கும் ஜீனோ என்ற இயந்திர நாயைத்தான் நினைவிருக்கும், எனக்கும் ஜீனோவைப் பிடிக்கும். ஆனால் நிலாவைக் கவனியுங்கள். 'மீண்டும் ஜீனோ'வில் அவள் நாட்டின் ராணி. கயிறு ஆண்கள் கையில், அவள் பொம்மை. அடுப்படியிலிருந்து அரியணைக்கு அனுப்பினாலும் அதிகாரம் கூடப் போகாது என்பதைச் சுஜாதா சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டார். ரோபோ நாயைவிடப் பெரிய கணிப்பு அது.

கதைகள் இருக்கட்டும், நிஜக் கணக்கு இது: 2019-ல் இந்திய அரசு எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், சம்பளமில்லாத வீட்டு வேலை செய்த பெண்கள் ஒரு நாளைக்குச் சராசரியாக 299 நிமிடம் அதற்குச் செலவழித்தார்கள். ஆண்கள் 97 நிமிடம். அதுகூட அந்த வேலையில் கைவைத்த ஆண்களின் கணக்குத்தான். கை வைத்தவர்களே நூற்றுக்கு இருபத்தாறு பேர். நாலில் மூன்று ஆண்களுக்கு அன்றைய கணக்கு பூஜ்யம். சந்திரயான்-2 கிளம்பியதும் அதே வருஷம்தான்.

தமிழில் இப்போது அறிவியல் புனைகதை எழுதுகிற இளைஞர்கள் நிறையப் பேர் வந்திருக்கிறார்கள். அவர்களிடம் ஒரே வேண்டுகோள்: உங்கள் 2150-ஆம் வருஷத்துச் சென்னையில் செயற்கை நுண்ணறிவு என்ன வேண்டுமானாலும் செய்யட்டும், இரவு இட்லிக்கு மாவு ஆட்டி வைத்தது யார் என்று ஒரு வரி எழுதிவிடுங்கள். வாசகர்களுக்கு: 'சுல்தானாவின் கனவு' காப்புரிமை முடிந்த கதை, இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. அரை மணி நேரம் கூட ஆகாது, இன்றைக்கே படித்துவிடுங்கள்.